சகலை கோத்த சங்கிலி

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் என்றால் வேதசிரோமணி, வேதசிரோமணி என்றால் கம்ப்யூட்டர் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது யார் என்று தேடிக்கொண்டு போனால் தென்காசி ரோட்டில் அவர் வீட்டு மாடிக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும். மாடியில்தான் 'சிரோமணி கம்ப்யூட்டர் கல்விக் கழகம்'. ஏ.சி. போட்ட அறை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை. உறையை எடுக்கும் முன் சிரோமணி கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்வார். படிக்க வந்த பிள்ளைகள் அதையும் பாடத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் சத்திரப்பட்டி ரோட்டு மில் ஒன்றில் புது நூற்பு மெஷின்கள் வந்து இறங்கின. ஸ்பிண்டிலில், அதாவது நூல் சுற்றுகிற கதிரில், நூல் அறுந்தால் போதும், எந்த ஸ்பிண்டில் என்கிற நம்பர் ஒயர் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஓடி வந்துவிடும். வருகிற நம்பர்களைப் பார்த்து, திரும்பத் திரும்ப மக்கர் பண்ணுகிற ஸ்பிண்டில்கள் எவை என்று சொல்ல ஒரு புரோகிராம் வேண்டும். எவர் புரோகிராம் சரிப்பட்டு வருகிறதோ அவரே மில்லுக்குக் கம்ப்யூட்டர் மேனேஜர் என்று முதலாளி சொல்லிவிட்டார். தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, சுற்றுகிற நாற்காலி.

அந்த நாற்காலியில் சிரோமணி மனசால் உட்கார்ந்து நாலைந்து சுற்றுச் சுற்றியும் ஆகிவிட்டது. அப்போதுதான், "உம்ம சகலையும் ஒரு புரோகிராம் காட்டுறேன்னு சொல்லியிருக்காரு" என்று மில்லிலிருந்து போன் வந்தது.

சகலை ஞானதுரை, சிரோமணியின் மனைவி அன்னத்தாயின் தங்கை இன்பத்தைக் கட்டியவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு மேலே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். ஏ.சி. கிடையாது, மேலே ஒரு ஃபேன், அதுவும் தலையாட்டித் தலையாட்டித்தான் சுற்றும். செருப்போடு போகலாம். கீபோர்டில் சர்க்கரைப் பிசுக்கு. அப்படிப்பட்டவனுக்கு வத்திராயிருப்பு மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளையைவிட ஒரு பிடி மரியாதை கூட. கோடையில் அங்கிருந்து ஆளுக்கொன்றாக வருகிற மாம்பழக் கூடை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற வாய்ப்பு சிரோமணிக்குக் கிடைத்ததில்லை. பார்க்காமலே அவருக்குத் தெரியும், அவன் கூடைதான் பெரிசு.

சிரோமணியின் புரோகிராம் அவரைப் போலவே கம்பீரமானது. ஷிப்ட் முழுவதும் வருகிற நம்பர்களை எல்லாம் முதலில் உள்ளே அள்ளிப் போட்டுக்கொள்ளும். பிறகு பொறுக்கும். பிறகு வரிசைப்படுத்தும். பிறகு பிரிண்ட் எடுக்கும். இந்தக் கடைசி மூன்றையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. அள்ளிப் போடுகிறபோதே மெமரி நிறைந்து மெஷின் படுத்துவிடும்.

மில்லில் காட்ட வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இன்பம் கறிச்சோற்றுக்குக் கூப்பிட்டிருந்தாள். சாயங்காலம் சகலைமார் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டாக் கடைக்கு நடந்தார்கள்.

"புரோகிராம் எப்படி ஓடுது, அண்ணாச்சி?" என்றான் ஞானதுரை.

"ஓடாம? கிண்ணுனு ஓடுது. மில்லு டேட்டாதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"நீங்க அம்புட்டையும் முதல்லயே உள்ள அள்ளிப் போடுதீக. அதான் அதுக்குத் தொண்ட அடைக்குது." அவன் கடைக்குள்ளே கையைக் காட்டினான். "அந்தா பாருங்க. நாம கேட்டாத்தான் கல்லுல நிக்கவரு திரும்பிப் பாக்காரு. அவரு கேட்டாத்தான் வீசுறவரு ஒன்ன வீசுறாரு. அவரு கேட்டாத்தான் உருண்ட பிடிக்கவரு ஒரு உருண்டையத் தள்ளுறாரு. உள்ள எத்தன மூட்ட மாவு கிடக்குன்னு யாருக்குக் கவல? முடியவே முடியாத மாவுன்னு வையுங்க. அப்பவும் நம்ம இலைக்கு ரெண்டு புரோட்டா வந்துருமில்லா?"

"அதனால?"

"என் புரோகிராம் அப்படித்தான். வெளிநாட்டுக் காலேஜ் ஒன்னுல ஒரு புது மொழி இலவசமாக் குடுக்காங்க. பெங்களூர்ல இருக்கிற கூட்டாளி அனுப்பிவிட்டான். அந்த மொழியோட லைப்ரரிலயே எல்லாம் இருக்கு அண்ணாச்சி. பொறுக்கிறதுக்கு ஒன்னு, மாத்துறதுக்கு ஒன்னு, 'இத்தன போதும்'னு நிப்பாட்டுறதுக்கு ஒன்னு. ஒன்னு வால்ல இன்னொன்னக் கோத்துவிட்டாப் போதும், சங்கிலி மாதிரி. கடைசியில நிக்கவன் 'ஒன்னு குடு'ன்னு கேக்கிற வரைக்கும் ஒரு பய அசைய மாட்டான். சரியான சோம்பேறிப் பயலுக. கேட்டாலும் ஒன்னுதான் தருவானுக. அதனால மெமரியும் நெறையாது."

சிரோமணிக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அதுதான் பெரிய வேதனை. விளங்காமல் இருந்திருந்தால் 'இதெல்லாம் ஒரு வித்தையா' என்று சொல்லிவிட்டுச் சால்னாவைத் தொட்டிருக்கலாம்.

வழியனுப்ப வந்த இடத்தில் ஞானதுரை சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து நீட்டினான். "இதுல மொழியும் இருக்கு, நான் கோத்ததும் இருக்கு. நீங்க வெள்ளிக்கிழம காட்டுதீக, நான் சனிக்கிழம. உங்களுக்கு ஆகும்னா எடுத்துக்கோங்க. நாற்காலி யாருக்கு வந்தா என்ன, குடும்பத்துக்குள்ளதான?"

திருடினால் திருடியவனுக்கு ஒரு கெட்டிக்காரத்தனமாவது மிஞ்சும். கையில் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பஸ்ஸில் சிரோமணி அந்த பிளாப்பியைச் சூடான வடையைப் போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார். மடவார்வளாகம் தாண்டுவதற்குள் புரோட்டா செரித்துவிட்டது. 'எடுத்துக்கோங்க' என்றானே, அது செரிக்கவில்லை.

"என்ன பெரிய எழுத்து? அவன் என்னத்த எழுதினான்? எல்லாம் அந்த மொழியிலயே இருக்கு. இவன் கோத்தான். அம்புட்டுத்தான்!" என்று வீட்டுக்கு வந்து வெடித்தார்.

அன்னத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பூக்கட்டுறவகிட்டப் போயி, 'பூவ நீயா பூக்க வச்ச'ன்னு யாரும் கேக்கலையே. கட்டத் தெரியுதான்னுதான பாக்காக."

"நீ ஒன் தங்கச்சி புருஷனுக்குத்தான் பேசுவ."

"நான் பூவுக்குப் பேசுனேன். நீங்களா அவிய பேர இழுத்தா நான் என்ன செய்ய?"

சிரோமணி கதவைச் சாத்திக்கொண்டு, பூப்போட்ட உறையை எடுத்து, ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு பிளாப்பியைப் போட்டார். சோதித்துப் பார்க்க என்று ஒரு நாள் டேட்டாவை மில்லில் இருவருக்குமே கொடுத்திருந்தார்கள். ஓட விட்டார். இவர் புரோகிராம் மூச்சுத் திணறிய அதே மெஷினில், சகலையின் சங்கிலி சளசளவென்று ஓடி, மக்கர் பண்ணுகிற முதல் பத்து ஸ்பிண்டில்களை எடுத்துப் போட்டுவிட்டு நின்றது. மொத்தப் புரோகிராமும் திரையில் கால்வாசிகூட இல்லை. அதற்குள் எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று அவர் தடவித் தடவிப் பார்த்தார். பல் இல்லாதவர் முறுக்கைச் சப்பியது மாதிரி ஆயிற்று.

புதன்கிழமைதான் ஓட்டை கண்ணில் பட்டது. கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

மேலே மொத்தம் இல்லை!

ராஜபாளையத்து மில்களில் எந்த ரிப்போர்ட்டானாலும் தலையில் மொத்தம் இருக்க வேண்டும். விவரமெல்லாம் கீழேதான். முதலாளிமார் தலையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த மில்லுக்குப் பல வருஷமாகச் சம்பளப் பட்டியல் அடித்துக் கொடுத்த சிரோமணிக்கு இது அத்துபடி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு எங்கே தெரியும்? 'தம்பி, கோக்கத் தெரிஞ்சா போதாது, கும்பிடத் தெரியணும்' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

மொத்தம் எண்ணவும் அந்த லைப்ரரியிலேயே ஒன்று இருந்தது. அதைத் தலையில் கட்டினார். அதற்கும் மேலே 'உருவாக்கியவர்: எஸ். வேதசிரோமணி, பி.எஸ்ஸி., பி.ஜி.டி.சி.ஏ.' என்று ஒரு வரி; நட்சத்திரக் குறிகளால் சுற்றிலும் வேலி. ஓட விட்டார். பெயர் வந்தது, மொத்தம் வந்தது, கீழே பத்தும் வந்தன. அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி குளித்துத் திருநாமம் இட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்திருந்தார். மெயின்டனன்ஸ் ஐயாதுரை மெஷினிலிருந்து வருகிற ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு ஓரமாக நின்றார். சிரோமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்தியாவில் கம்ப்யூட்டரின் வருங்காலம் பற்றிச் சிறிது பேசினார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்ததும், பட்டனைத் தட்டினார்.

நட்சத்திர வேலி வந்தது. உள்ளே பெயரும் பட்டங்களும் வந்தன. அடுத்து 'டோட்டல்' என்ற சொல். அதன் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

சிமிட்டிக்கொண்டே நின்றது.

"கணக்குப் பண்ணிக்கிட்டிருக்கு" என்றார் சிரோமணி.

காப்பி வந்தது. குடித்து முடித்து டம்ளரும் போயிற்று. கோடு சிமிட்டியது.

"ஏமய்யா சிரோமணி, ஒறங்கிருச்சா?"

"ஆழமாப் போயிப் பாக்குது முதலாளி. மேலாப்புல பாக்கிற புரோகிராம்னா டக்குனு சொல்லிரும்."

மாடியில் ஓடிய புரோகிராம் இங்கே ஏன் மல்லாந்துவிட்டது? சிரோமணி ஒயரையே பார்த்தார். அங்கே பிளாப்பி, இங்கே ஒயர். அது ஒன்றுதான் வித்தியாசம். பிளாப்பியில் ஒரு நாள் டேட்டா. அதற்கு ஒரு முடிவு இருந்தது. ஒயரில் வருவதோ...

அவருக்குள் ஏதோ ஒன்று 'தொபக்' என்று விழுந்தது. சங்கிலியின் வாலில் நின்று 'பத்துக் குடு' என்று கேட்டால் பத்தோடு நின்றுவிடும். தலையில் நின்று 'மொத்தம் எத்தனை' என்று கேட்டால், கடைசி நம்பர் வந்து சேருகிற வரைக்கும் அது எண்ணத்தானே செய்யும்? புரோட்டாக் கடையில் போய், உள்ளே இருக்கிற மாவெல்லாம் தீர்ந்த பிறகு எனக்கு ரெண்டு வை என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"எப்பத்தான்யா வரும் உம்ம மொத்தம்?" முதலாளி குரலில் சூடு ஏறிவிட்டது.

"எல்லா நம்பரும் வந்து முடிஞ்ச உடனே வந்துரும், முதலாளி."

"எப்ப முடியும்?"

பொய் ஒன்று கைவசம் இருந்திருந்தால் சிரோமணி அதைத்தான் சொல்லியிருப்பார். பதற்றத்தில் உண்மை முந்திக்கொண்டது.

"மில்லு நின்னா."

ஐயாதுரை கூரையைப் பார்த்தார். அந்த வருஷம் அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு மில்லாகப் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நாராயணா!" முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்து, என் ஆபீஸுலயே உக்காந்துக்கிட்டு, என் மில்லு எப்ப நிக்கும்னு ஒரு மெஷினக் காத்துக்கிட்டிருக்க வச்சிருக்கீரா? யோவ் ஐயாதுரை, ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போயி அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரக் கையோட கூட்டிட்டு வாரும்!"

ஞானதுரை செருப்போடுதான் வந்தான். திரைக்கு முன்னால் குனிந்தவன், நட்சத்திர வேலிக்குள் நின்ற பெயரைப் படித்தான். கீழே தான் கோத்த சங்கிலியைப் பார்த்தான். பிறகு திரும்பி சிரோமணியைப் பார்த்தான். சிரோமணி ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கையை வெகு சிரத்தையாகக் கவனித்துக்கொண்டிருந்தார். 'சொல்லு. இதெல்லாம் நான் எழுதினதுன்னு சொல்லித் தொலை. காலம் பூரா உன்னத் திட்ட எனக்கு ஒரு காரணமாவது குடு' என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

"அண்ணாச்சி நல்லாத்தான் எழுதியிருக்காக" என்றான் ஞானதுரை. "ஒரு வரிதான் எடம் மாறி உக்காந்திருக்கு."

தலையிலிருந்த மொத்தத்தைத் தூக்கி வாலில் வைத்தான். ஒவ்வொரு நம்பரும் போகிறபோது ஒன்று கூடுகிற மாதிரி கோத்தான். பட்டனைத் தட்டியதும் மெஷினில் அறுந்த நூல் ஒவ்வொன்றும் திரையில் எட்டிப் பார்த்தது. மக்கர் ஸ்பிண்டில்கள் பெயர் கொடுக்கத் தொடங்கின. அடியில் 'இதுவரை' என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போனது.

"மொத்தம்?" என்றார் முதலாளி, வழக்கம் விடாமல்.

"ஓடுற மில்லுக்கு ஏது முதலாளி மொத்தம்? இதுவரைக்கும்னுதான் போட முடியும்."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஜோசியர் வாயால் கேட்டது போல இரண்டு தரம் தலையாட்டினார். "நீரே மேனேஜர். திங்கக்கிழமை வந்துரும்."

"அண்ணாச்சியையும் வச்சுக்கிட்டா எனக்கு ஒத்தாசையா இருக்கும் முதலாளி. மில்லு வழக்கமெல்லாம் அவிகளுக்குத்தான் தெரியும்."

"அசிஸ்டென்ட்டா வாரீராவே?" என்று முதலாளி ஜன்னல் பக்கம் கேட்டார்.

யோசித்துச் சொல்வதாகக் கம்பீரமாகச் சொல்லிவிட்டு சிரோமணி வீட்டுக்கு வந்தார். அவருக்கு முன்னாலேயே இன்பத்தின் போன் வந்து சேர்ந்திருந்தது.

"தங்கச்சி புருஷனுக்குக் கீழயா?" என்றாள் அன்னத்தாய். "உங்களுக்குப் பிடிக்காதுன்னா விட்டுருங்க. மாடியில பிள்ளைக வருதுக, நம்ம பாட்டப் பாப்போம்."

சிரோமணி அப்படியே செய்வது என்று முடிவு கட்டினார். சனிக்கிழமை முழுவதும் அந்த முடிவிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிரசங்கம் நடக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. அந்தச் சுற்று நாற்காலியில் ஞானதுரை தனியாக உட்கார்ந்திருப்பான். முதலாளி தினமும் வருவார். என்ன சொல்லிப் பாராட்டினார், எத்தனை தரம் தலையாட்டினார், தீபாவளிக்கு எவ்வளவு பெரிய பெட்டி கொடுத்தார், ஒன்றுமே இவருக்குத் தெரியாது. தெரியாமல் மாடியில் உட்கார்ந்து மனசாலேயே கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்கே வயிறெரிந்து தீர்த்துவிடுவது உடம்புக்கு நல்லது.

திங்கட்கிழமை காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மில் வாசலில் நின்றபோது மணி எட்டுகூட ஆகவில்லை. ஞானதுரை வருவதற்கு முன்பே போய், அவன் நாற்காலி தன்னுடையதைவிட எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட வேண்டியிருந்தது.