சாவியை எடுத்தும் நிற்காத பத்மினி

குமணன்சாவடி கார் ஸ்டாண்டில் துலுக்கானத்தின் டீசல் பத்மினி காருக்கு எருமை என்று பேர். வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போனால், மூட்டை ஏற்றிய லாரிகூட ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போகும். தொண்ணூற்றேழில் ஜனங்களுக்கு எல்லாமே அவசரம். சவாரியெல்லாம் பக்கத்துக் காருக்குப் போய்விட, துலுக்கானம் உட்கார்ந்து ஈ ஓட்டினான். அவனுக்கும் பெண்டாட்டி லோகநாயகிக்கும் சோறு போடுவது அந்த ஒரு வண்டிதான்.

லோகநாயகியின் தம்பி வேம்புலி நசரத்பேட்டையில் லாரி மெக்கானிக். கை கெட்டிக்காரக் கைதான், ஆனால் வாய் அதைவிடக் கெட்டி. டர்போ போட்டால் எருமை குதிரையாகிவிடும் என்று மாமனுக்கு ஆசை காட்டினான். சைலன்சருக்குப் போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற சாமான் அது. புதிதாக வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமா? ஏதோ வெளிநாட்டு வேனிலிருந்து கழற்றிய பழைய டர்போ ஒன்று, பெரிய நத்தைக்கூடு மாதிரி, புதுப்பேட்டை காயலான் கடையிலிருந்து சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

அதற்கு ஆயில் போகவும் வேண்டும், வடிந்து திரும்பவும் வேண்டும். போகிற குழாய் ஒல்லியாக இருக்கலாம். தானாக வடிகிற குழாய் பருமனாக இருந்தே தீரவேண்டும். வேம்புலி இரண்டுக்கும் ஒரே ஒல்லிச் செப்புக்குழாயை வெட்டிப் போட்டான். போன ஆயில்தானே திரும்பப்போகிறது, அதற்கு எதற்குத் தனிக்குழாய் என்பது அவன் நியாயம். துலுக்கானமும் மண்டையை ஆட்டினான். இரண்டு பேருமாக ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டாண்டிலேயே பூஜை. லோகநாயகி தட்டில் கற்பூரம் ஏற்றி வண்டிக்கு முன்னால் நின்றாள். துலுக்கானம் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான். டர்போ விசிலடித்தது. வேடிக்கை பார்த்தவர்களும் பதிலுக்கு விசிலடித்தார்கள். வேம்புலி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

சத்தம் ஏறியது. துலுக்கானம் குனிந்து தன் காலைப் பார்த்தான். கால் ஆக்சிலேட்டரில் இல்லை. சத்தம் இன்னும் ஏறியது. ஸ்டியரிங் நடுங்கியது. பயந்துபோய் சாவியைத் திருப்பினான், நிற்கவில்லை. உருவியே எடுத்துவிட்டான். சாவி கையில் இருக்கிறது, வண்டி அலறுகிறது.

நாலாபக்கமும் வெள்ளைப் புகை. வேம்புலி ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"மாமா, வடிய வழியில்லாம டர்போ ஆயிலு இன்ஜினுக்குள்ள எறங்கிடுச்சு. அத்த குடிச்சிகினு ஓடுது. டாப் கீர போட்டு, பிரேக்க மிதிச்சி, கிளச்ச பட்டுனு உடு. அடங்கிடும். இல்லாங்காட்டி வெடிச்சிடும்."

சொன்ன தம்பி அக்கா ஞாபகமே இல்லாமல் எடுத்தான் ஓட்டம். அவன் ஓடுவதைப் பார்த்து ஸ்டாண்டே டீக்கடைப் பக்கம் ஓடியது.

துலுக்கானம் கிளட்சை மிதித்து டாப் கியர் போட்டான். காலை எடுத்தால் வண்டி முன்னால் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டுத்தான் அடங்கும். நிமிர்ந்து பார்த்தான். புகைக்குள் லோகநாயகி தட்டோடு அப்படியே நிற்கிறாள். டர்போ வைத்த வண்டி என்றால் இப்படித்தான் கத்தும்போல என்று அவளுக்கு நினைப்பு. அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ, போ என்று வீசினான். அவள் கண்ணுக்கு அது சுத்து, சுத்து என்று தெரிந்தது. ஓரடி முன்னால் வந்து, வண்டிக்குக் கற்பூரத்தை ஒரு சுற்று சுற்றினாள். அவன் வெறிபிடித்தவன்போல் கையை ஆட்டினான். இன்னும் நெருங்கி வந்து இரண்டாவது சுற்று சுற்றினாள்.

கிளட்சை விட்டால் வண்டி பிழைக்கும், அவள் அடியில் போவாள். விடாவிட்டால் அவள் முகத்துக்கு நேராக வெடிக்கும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, கதவை உதைத்துக்கொண்டு இறங்கி, அவளை இடுப்போடு வாரி இழுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் ஓடினான். தட்டு எங்கோ பறந்தது.

முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தது. முன்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு இரும்புத் துண்டுகள் சிதறின. அவள் நின்றிருந்த இடமெல்லாம் கொதிக்கிற ஆயில். அப்புறம் சத்தமே இல்லை. டீக்கடைக்காரர் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார்.

காது அடைத்துப்போயிருந்த லோகநாயகி இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே கோபமாகக் கேட்டாள்.

"இன்னாய்யா நீ? சுத்து சுத்துன்னு நீதான கைய ஆட்டினே. இன்னும் ஒரு சுத்து பாக்கி கீது. அதுக்குள்ள ஏன்யா இழுத்துகினு வந்தே?"

துலுக்கானம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதான்.