அக்கா வீட்டுப் பூட்டு

சிலர் பூத்தையல் போடுவார்கள், சிலர் மீன் வளர்ப்பார்கள். நான் பூட்டுத் திறக்கிறேன். சொன்னவுடனே ஆட்கள் தங்கள் கைப்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன போச்சு!

மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கத் துளியூண்டு திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவள் நான். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிப் பூட்டும் நாலைந்து கம்பிகளும் வாங்கினேன். வளைந்த கம்பியால் பூட்டை லேசாகத் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கம்பியால் உள்ளே வரிசையாக நிற்கும் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட வேண்டும். கடைசிப் பின் ஏறியதும் 'டக்' என்று திரும்பும் பாருங்கள், அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரே ஒரு சட்டம்: சொந்தக்காரர் கேட்காமல் எந்தப் பூட்டையும் தொடக் கூடாது. நான் தொட்டதில்லை. சத்தியமாகத் தொட்டதில்லை.

அதனால்தான் அக்கா சொன்ன அந்த ஒரு பேச்சு எனக்கு அப்படிச் சுட்டது. அவள் மகளுடைய பிறந்தநாளுக்கு வீடு நிறைய ஆட்கள். வளையல் ஒன்றைக் காணோம் என்று பீரோவைக் குடைந்துகொண்டிருந்தவள் திடீரென்று என்னைப் பார்த்து, "பூட்டித்தான் வச்சிருந்தேன். ஆனா நம்ம வீட்லதான் பூட்டு திறக்கிற மகராசி ஒருத்தி இருக்காளே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த கேக்கை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதோடு பேச்சு நின்றுபோயிற்று. வளையல் வாஷிங் மெஷினுக்குள் கிடைத்துவிட்டதாம், அக்கா மகள்தான் சொன்னாள். கிடைத்ததும் அக்கா ஒரு போன் போட்டுச் சொன்னாளா? ம்ஹூம். நானாகப் போய் நிற்பேனா? தலையே போனாலும் மாட்டேன். வீட்டில் எனக்குச் 'சிடுமூஞ்சி' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், கடையில் ஏதாவது கூத்து நடந்தால் அக்காவிடம் சொல்லத்தான் கை போனைத் தேடும். அவளோடு பேசாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"சாவியை உள்ளயே வச்சிட்டு வெளிய வந்துட்டேன்டி. கதவு பூட்டிக்கிச்சு. வந்து திறந்து விடேன்."

"பூட்டு ரிப்பேர்காரரைக் கூப்பிடேன்."

"ஞாயித்துக்கிழமை யார் வருவா? நீ வருவியா, மாட்டியா?"

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கம்பியை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். நான் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தேன்.

அக்கா மாடிப்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். நேராகக் கதவின் முன்னால் மண்டியிட்டு, கம்பியை உள்ளே விட்டேன். இதைத் திறக்காமல் திரும்பினால் இன்னொரு போன் வராது என்று தோன்றியது.

"இன்னும் கோபமாடி?" என்றாள் பின்னாலிருந்து.

"பேசாம இரு. பின் நழுவுது."

அவளால் பேசாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

"வளையல் கிடைச்சிருச்சு."

"தெரியும்."

"வேணும்னு சொல்லலைடி. நாலு பேர் சிரிப்பாங்கன்னு வாயில வந்துருச்சு. நீ எழுந்து போனப்புறம் எனக்குச் சோறு இறங்கலை. போனை எடுப்பேன், என்ன சொல்றதுன்னு தெரியாம வச்சிருவேன்."

"என்னைத் திருடின்னு சொன்னே." கம்பியை விடாமலே சொன்னேன். "அத்தனை பேர் முன்னாடி!"

"தப்புதான். என் மேலதான் தப்பு. போதுமா?"

டக்.

"பார்த்தியா!" என்று துள்ளி எழுந்து கைப்பிடியை அழுத்தித் தள்ளினேன். கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன். ம்ஹூம்.

அப்போதுதான் உறைத்தது. இது தானாகப் பூட்டிக்கொள்கிற கதவே இல்லை. வெளியே நின்று சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டும். சாவி உள்ளே இருக்கிறதென்றால் பூட்டியது யார்? வந்த நான் முதலில் கைப்பிடியை அழுத்திப் பார்க்க வேண்டாமா? கம்பியைக் கையில் எடுத்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் புத்தி மட்டும் வராது. சும்மா சாத்திக் கிடந்த கதவை அரும்பாடுபட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்!

திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அடிப்பாவி! பூட்டவே இல்லையா?"

"வேற என்ன சொல்லிக் கூப்பிட்டா நீ வந்திருப்பே?"

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது.

"அதை உள்ள வை," என்றேன். "சொந்தக்காரி கேட்டிருக்கே, நானே திறக்கிறேன். நீ பேசிக்கிட்டே இரு."

அக்கா படியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் கம்பியை மெதுவாகத்தான் ஓட்டினேன்.