ஒரு துளி கூடுதல்

அரையிறுதியில் ஜெயித்ததற்குக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. பெய்ஷான் மட்டும் தட்டவில்லை. அவள் கண் லேப்டாப் திரையின் ஓரத்தில் ஓடிய வெப்ப எண்களை விட்டு நகரவே இல்லை. பிராசசரின் எட்டுப் பெரிய கோர்களில் ஏழு, எண்பத்து மூன்று டிகிரியைத் தாண்டவில்லை. நான்காவது மட்டும் தொண்ணூற்றெட்டைத் தொட்டுவிட்டு இறங்கியிருந்தது.

"பார்த்தியா? பார்த்தியா? நான் சொன்னேன்ல!" என்று ஆதுங் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "இதே வேகத்துல ஃபைனல்ல ஒரு ஓட்டு. கோப்பையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்."

"யார் வீட்டுக்கு?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

அவர்கள் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் ஜூன் மாதம் தைபேயில் கணினிச் சந்தை கூடும்போது, அங்கே நடக்கும் கணினி வேகப் போட்டியின் லேப்டாப் பிரிவில் ஜோடியாகப் பெயர் கொடுப்பதை மட்டும் இருவரும் விடவில்லை. அவளுடைய நச்சரிப்பைத் தாங்க வேறு ஆள் கிடையாது. அவனுடைய அவசரத்துக்கு ஈடுகொடுக்கவும் வேறு ஆள் கிடையாது. அவள் ஒரு தொழிற்சாலையின் வெப்பப் பிரிவில் பொறியாளர். அவன் குவாங்ஹுவா மின்னணுச் சந்தைப் பக்கம் மதர்போர்டு பழுதுபார்க்கிறவன். மிளகில் பாதி இருக்கும் பாகத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டு பற்றவைத்துவிடுவான். குளிர்விப்பது அவள் பொறுப்பு, வேகத்தை ஏற்றுவது அவன் பொறுப்பு.

இந்த லேப்டாப்புக்காக ஒரு குளிர்காலத்தையே செலவழித்திருந்தார்கள். கடையில் எல்லாரும் விரல் தடிமனில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போக, பெய்ஷான் செங்கல் மாதிரி இருந்ததைத்தான் எடுத்தாள். "ஒல்லியா இருக்கிறதெல்லாம் மாடலிங் பண்ணட்டும். எனக்குக் காத்து போக இடம் வேணும்" என்றாள். ஒரே மாடலில் பல போர்டுகளை வாங்கிச் சோதித்து, எது குறைந்த மின்னழுத்தத்திலேயே திணறாமல் ஓடியதோ அதை வைத்துக்கொண்டார்கள். பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் வழக்கமான பசைக்குப் பதில் திரவ உலோகம் பூசினார்கள். பாதரசம் போல் மினுங்கும் அது, சூட்டை வாங்கித் தகட்டுக்குக் கடத்துவதில் எந்தப் பசையையும் தோற்கடித்துவிடும். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். சிந்தக் கூடாத இடத்தில் ஒரு பொட்டு சிந்தினால் போர்டே பிணம்.

"ஆதுங், நாலாவதைப் பார்."

பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. ஆனால் கண் மட்டும் ஒரு கணம் வேறு பக்கம் போய் வந்ததை அவள் கவனித்தாள். எட்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் பார்த்த கண்.

"சென்சார் கிறுக்கு பண்ணுது. விடு."

"ஃபேன் சரியில்லைன்னா எட்டும் கொதிக்கும். ஒண்ணு மட்டும் கொதிக்குதுன்னா, அது தலை மேல இருக்க வேண்டியது அங்கே இல்லை. நான் திறக்கப் போறேன்."

"உனக்குப் பைத்தியமா? ஃபைனலுக்கு அரை மணி நேரம்கூட இல்ல. திறந்து மூடறதுக்குள்ள கூப்பிட்டுடுவாங்க."

அவள் அதற்குள் லேப்டாப்பைக் கவிழ்த்திருந்தாள். ஒவ்வொரு திருகின் தலையிலும் அவள் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். யாராவது திருகினால் பொட்டு உடையும். பத்துத் திருகிலும் பொட்டு உடைந்திருந்தது.

பெய்ஷான் நிமிர்ந்து பார்த்தாள். பேசாத பெய்ஷானைக் கண்டால்தான் ஆதுங்குக்குப் பயம்.

"காலையில..." என்று இழுத்தான். "ஒரே ஒரு துளி. கொஞ்சம் கூட வெச்சா இன்னும் ரெண்டு டிகிரி குறையும்னு தோணுச்சு. அப்படியே பையில போட்டு ஸ்கூட்டர்ல வந்துட்டேன்."

"முதுகுப் பையிலயா? நிக்க வெச்சா?"

"பையில எப்படிப் படுக்க வெக்கிறது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்த் தகட்டைக் கழற்றினாள். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். பிறகு செப்புத் தகட்டை இம்மி இம்மியாகத் தூக்கினாள். அவள் பயந்தது அப்படியே இருந்தது. ஸ்கூட்டர் குலுக்கிய குலுக்கில் உலோகம் மேல் மூலையை விட்டு வழிந்து கீழே சேர்ந்திருந்தது. நான்காவது கோரின் மேல் வெறும் பளபளப்புத்தான் மிச்சம். வழிந்தது, சுற்றிலும் தடுப்பாக ஒட்டியிருந்த நுரை ரப்பர் கரையைத் தாண்டி இரண்டு மணிகளாக வெளியே நின்றது. ஒன்று மெமரிக்கு மின்சாரம் போகும் இரண்டு உலோகக் கால்களுக்கு மிக அருகில், எந்தப் பக்கம் உருளலாம் என்று யோசிப்பதுபோல் நின்றது.

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினார்கள்.

"அரையிறுதி முழுக்க இது இங்கேயா இருந்துது?" என்றான் ஆதுங். அவன் குரல் சுருங்கிவிட்டது.

"இங்கேதான். இன்னொரு தடவை ஆன் பண்ணியிருந்தா சங்குதான்." ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்தாள். மணியை நோக்கிக் கொண்டுபோனாள். திரும்ப எடுத்துக்கொண்டாள். தொட்ட வேகத்தில் மணி உடைந்து சிதறினால் பொடிப்பொடியாகப் போய் எங்கெங்கோ ஒளிந்துகொள்ளும்.

"நீ எடு" என்று சிரிஞ்சை அவனிடம் நீட்டினாள்.

"நானா? நான்தானே இந்த..."

"உன் புத்தியைத்தான் நம்பலை. உன் கையை நம்புறேன். எடு."

ஆதுங் குனிந்தான். அவன் தோள்கள் இறங்கின, மூச்சு அடங்கியது. சிரிஞ்சின் வாய் மணிக்கு மேல் வந்து நின்றது. கூடத்தில் யாரோ ஒலிபெருக்கியில் எதற்கோ பரிசு அறிவித்தார்கள்; கூட்டம் ஊளையிட்டது. அவன் கை அசையவில்லை. மணி நீண்டு, மெலிந்து, உள்ளே போயிற்று. பிறகு இரண்டாவது. பிறகு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை ஒரே திசையில் துடைத்தான். பெய்ஷான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள், பக்கத்துக் கால்களையும் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள்.

"சுத்தம்" என்றாள்.

"அப்போ திரும்ப உலோகத்தைப் பூசிடலாம்."

"பூச நேரம் இல்ல. அவசரத்துல பூசினா இதே கதைதான்." பெட்டியிலிருந்து மெல்லிய சாம்பல்நிறத் தாள் ஒன்றை எடுத்தாள். சூடானால் இளகிப் பரவும் தாள் அது. வழியாது, மின்சாரமும் கடத்தாது. ஆனால் திரவ உலோகத்தோடு பார்த்தால் ஐந்தாறு டிகிரி பின்தங்கும். "இதைத்தான் போடப் போறேன். வேகத்தைக் குறை. மின்னழுத்தத்தையும் இறக்கு."

"பெய்ஷான், குறைச்சா தோத்துடுவோம்! எதிர்ல யாருன்னு பார்த்தேல்ல?"

"ஏத்தினா சூட்டுல அதுவே தலையைத் தொங்கப் போடும். அப்பவும் தோப்போம். அசிங்கமாத் தோப்போம்."

அவன் சாம்பல் தாளைப் பார்த்தான். "எவ்வளவுக்குக் குறைக்கணும்?" என்று கேட்டான்.

மூன்று வருஷத்தில், ஏன் அதற்கு முந்தைய எட்டு வருஷத்திலும், அவன் இந்தக் கேள்வியைக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

கடைசித் திருகு உட்கார்ந்தபோது நடுவர் ஷி அவர்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

இறுதி ஓட்டத்தின் விதி எளிது. பனிக்கட்டி கூடாது, வெளி விசிறி கூடாது; லேப்டாப் தன் சொந்த விசிறியை மட்டும் நம்பி, இருபது நிமிஷம் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். ஓட்டம் தொடங்கிய பிறகு யாரும் லேப்டாப்பைத் தூக்கவோ நகர்த்தவோ கூடாது. விசைப்பலகையை மட்டும் தொடலாம். மொத்தமாக அதிக வேலை முடித்தவர்களுக்கு வெற்றி. நின்றுபோனால் ஆட்டம் காலி. எதிரணியில் ஷின்சு நகரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். மூத்தவன் ஹாவ்யூ, எழுந்து குனிந்து வணங்கினான். "பெய்ஷான் அக்கா, கொஞ்சம் கருணை காட்டுங்க" என்றான். கண்ணில் கருணை கேட்பவனின் சாயலே இல்லை.

இரண்டு லேப்டாப்புகளும் ஒரே நீள மேஜையில் அருகருகே இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் பச்சை நிறக் குவாய்குவாய் பொட்டலம் ஒன்று. சோளப் பொரிதான், ஆனால் பெயருக்கு அர்த்தம் 'சமர்த்தாக இரு' என்பதால், அதை வைக்காமல் அந்த ஊரில் ஒருவரும் ஒரு மெஷினை ஆன் செய்வதில்லை. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் கோபித்துக்கொள்ளும்.

ஓட்டம் ஆரம்பித்தது. விசிறிகள் கீச்சென்று எழுந்து, பிறகு ஒரே ஓலமாயின. எட்டுக் கோர்களும் வரிசையாக ஏறின. எண்பத்தைந்து, எண்பத்தேழு. நான்காவதும் மற்றவற்றோடு சேர்ந்து நல்ல பிள்ளையாக நின்றது. ஹாவ்யூவின் எண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆதுங்கின் விரல்கள் விசைப்பலகைக்கு மேல் அந்தரத்தில் நின்றன.

பாதி ஓட்டத்தில் வெப்பம் ஏறத் தொடங்கியது. எண்பத்தொன்பது. தொண்ணூற்றொன்று. எட்டும் சேர்ந்தே ஏறின.

"தாள் நழுவுதா?" என்று ஆதுங் கிசுகிசுத்தான்.

"இல்ல. நழுவினா ஒண்ணு மட்டும்தான் ஏறும்." எட்டும் ஏறினால் காற்றில்தான் கோளாறு. பெய்ஷான் லேப்டாப்பின் இடது விளிம்பருகே, தொடாமல், புறங்கையைக் கொண்டுபோனாள். ஹேர் டிரையரைப் பிடித்ததுபோல் இருந்தது. ஹாவ்யூவின் லேப்டாப் பக்கவாட்டில் துப்பும் அனல், நேராக இவர்கள் காற்றை இழுக்கும் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊரான் கழிக்கும் சூட்டை இவர்கள் மெஷின் குடித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று நான்கு. இன்னும் சில டிகிரி போனால் பிராசசர் தானாகவே வேகத்தை வெட்டிக்கொள்ளும்.

லேப்டாப்பை நகர்த்த முடியாது. அவள் கண் மேஜை மேல் அலைந்தது. சட்டென்று தங்கள் பச்சைப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு லேப்டாப்புகளுக்கும் நடுவில் குறுக்காகப் படுக்கவைத்தாள். காற்றடைத்த பொட்டலம் அணை மாதிரி உட்கார்ந்தது.

"ஏய், ஏய்!" நடுவர் ஷி எழுந்து வந்துவிட்டார். "அது என்னம்மா?"

"குவாய்குவாய், ஷி அண்ணே."

"அது எனக்குத் தெரியாதா? அங்கே எதுக்கு வெச்சே?"

"மெஷினைத் தொடலை அண்ணே. பொட்டலத்தை எந்த இடத்துல வெக்கணும்னு விதியில இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஷி சிரிக்கவில்லை. விதித்தாளைப் புரட்டினார், மூக்கைச் சொறிந்தார், பிறகு எதிரணியைப் பார்த்தார். "நீங்க ஆட்சேபணை சொன்னா எடுக்கச் சொல்லிடுவேன்."

ஹாவ்யூ திரையைப் பார்த்தான்; பொட்டலத்தைப் பார்த்தான். அவன் கூட்டாளி முழங்கையால் இடித்து, "சொல்லுடா, சொல்லுடா" என்றான்.

"எங்க அனல்தானே அங்கே போகுது" என்றான் ஹாவ்யூ. "அது எங்க தப்பு. இருக்கட்டும். சாமிக்கு வெச்சதை எடுக்கச் சொன்னா எங்க மெஷின்தான் கோச்சுக்கும்."

வெப்பம் இறங்கியது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு. எண்பத்தெட்டில் வந்து நின்றது. கடைசி நிமிஷங்கள். இவர்கள் இன்னும் பின்னால்தான். ஆனால் எட்டிப் பிடிக்கிற தூரம். ஆதுங்கின் விரல் வேகம் ஏற்றும் விசைக்கு மேல் போயிற்று. அங்கேயே நின்றது. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

பெய்ஷான் எண்களைப் பார்த்தாள். ஒரு படி தாங்கும். இரண்டு தாங்காது.

"ஒண்ணு" என்றாள். "ஒண்ணே ஒண்ணு."

ஒரு படி ஏற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் கை இன்னொரு படிக்காகத் தவிப்பதை அவளால் பார்க்க முடிந்தது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இடைவெளி குறைந்தது, இன்னும் குறைந்தது. மணி அடித்தது.

ஷின்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். நூற்றில் அரைப் பங்குகூட இல்லாத வித்தியாசம்.

ஹாவ்யூ வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, கடைசியில உயிரே போயிடுச்சு. நீங்க திறந்து மூடினதைப் பார்த்தோம். அரையிறுதியில போட்டிருந்த திரவ உலோகத்தை ஏன் எடுத்தீங்க? அது இருந்திருந்தா நாங்க காலி."

"ஏதோ தோணுச்சு" என்றாள் பெய்ஷான். "பொட்டலத்தைப் பிரிச்சு நீங்களே சாப்பிடுங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க."

ஆதுங் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

வெளியே மாலை வெயில் தார்ச் சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. இருவரும் ரயில் நிலையம்வரை நடந்தார்கள். படிக்கட்டருகே அவன் நின்றுவிட்டான்.

"ரெண்டு வார்த்தை திட்டிடு. இப்படிப் பேசாம வராதே. தாங்க முடியல."

"உலோகம் வெச்சதுக்கா?"

"எல்லாத்துக்கும்."

பெய்ஷானிடம் திட்டு இல்லாமல் இல்லை, தொண்டைவரை இருந்தது. ஆனால் வந்தது வேறு. "நீ சொல்லாம ஏதாவது செய்வே. நான் கண்டுபிடிப்பேன். அப்புறம் சண்டை. அதுதான் குடும்பம்னு எட்டு வருஷம் ஓட்டினோம். உலோகம் வழியறது பெருசில்ல ஆதுங். திறந்தேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மதியமே உக்காந்து நிதானமா சரிபண்ணியிருப்பேன்."

"சொல்லியிருந்தா கொன்னிருப்பே."

"கொன்னுட்டு சரிபண்ணியிருப்பேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்கிறியா?"

கடைசி நிமிஷத்தில் விசைக்கு மேல் நின்ற அந்த விரல் அவள் கண்ணுக்குள் இருந்தது. திரும்பிப் பார்த்த முகமும்.

"பசிக்குது" என்றாள். "சாப்பிட்டுட்டு யோசிக்கிறேன். மாட்டிறைச்சி நூடுல்ஸ். காரம் நீ கேட்காதே, எவ்வளவுன்னு நான் சொல்றேன்."

"ஒரே ஒரு கரண்டி கூட..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரி, நீயே சொல்லு."

அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.