நிரப்பி வைத்த மேகசின்கள்

மலையடிவாரத்துச் சுடுதளத்தில் காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஏட்டு பொன்னுரங்கத்தின் பிஸ்டல் பாதியில் நின்றுவிட்டது. அவர் பதறவில்லை. துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு இடது கையை உயர்த்தினார். ஆயுதப்படைப் பிரிவின் ஆயுதக் கிடங்கான ஆர்மரிக்குப் பொறுப்பாக இருந்த வெண்ணிலா போய் அதை வாங்கி, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை உருவிப் பார்த்தாள். அடுத்த தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு குறுக்கே சிக்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சாம்பசிவன் மேகசினைக் கையில் வாங்கி, உள்ளே இருந்த தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஸ்பிரிங் போச்சும்மா. எந்நேரமும் ஃபுல்லா லோடு பண்ணியே வெச்சா எப்படித் தாங்கும்? மனுஷனை நாள் பூரா குனிஞ்சே நிக்கச் சொன்னா அப்புறம் அவனால நிமிர முடியுமா?"

அன்று மாலையே உத்தரவு வந்தது. டியூட்டி முடிந்து திரும்பும் மேகசின்கள் எல்லாவற்றையும் காலி செய்து வைக்க வேண்டும். மறுநாள் காலை மறுபடி நிரப்ப வேண்டும். அவசரத்துக்கென்று ஆர்மரியில் எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும் மேகசின்களுக்கும் அதே சட்டம்.

வெண்ணிலா மறுக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், ஸ்பிரிங்குக்கு ஓய்வு வேண்டும் என்று. ஆனால் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றுவதும் பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளி இறக்குவதும் அவள் கட்டைவிரல் தலையில்தான் விழுந்தது. அந்த வாரம் முடிவதற்குள் விரல் வீங்கி, நகத்தின் ஓரம் கன்றிப்போனது.

அவளுக்கும் ஹேமநாத்துக்கும் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. பீர்க்கன்கரணை ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர், யாருக்கு எப்போது லீவு, அவ்வளவுதான். அவன் அவளை இன்னும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினான். போலீஸ் வேலையைப் பற்றிக் கேட்பது முறையில்லை என்று அவன் நினைத்திருந்தான். அவன் பார்த்த ஸ்பிரிங் பட்டறை வேலையில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் சப்பாத்தியைப் பிய்க்க முடியாமல் தடுமாறுவதை அவன் கவனித்தான்.

"விரல்ல என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க. மேகசின் லோடு பண்றது." அவள் உத்தரவைப் பற்றிச் சொன்னாள். "அமுங்கியே இருந்தா ஸ்பிரிங் தளர்ந்துடுமாம்."

ஹேமநாத் சாப்பிடுவதை நிறுத்தினான். "தளராதுங்க. அமுக்கி வெச்சா அது சும்மா உக்காந்திருக்கும். தினம் அமுக்கி அமுக்கி விடறீங்க பாருங்க, அதுலதான் தேயும்."

"உங்க ஸ்கூட்டர் ஸ்பிரிங் வேற, எங்க ஸ்பிரிங் வேற."

"கம்பி ஒண்ணுதானே."

"வண்டி நின்னா தள்ளிக்கிட்டுப் போகலாம். எங்க ஆளுக்கு பிஸ்டல் நின்னா என்ன பண்றது?"

அவள் குரலில் இருந்த சூட்டை இருவருமே எதிர்பார்க்கவில்லை. அவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அதனாலதான் சொல்றேன், அளந்து பார்த்துடு. நான் சொல்றதையும் நம்பாத, உங்க இன்ஸ்பெக்டர் சொல்றதையும் நம்பாத. எங்க பட்டறையில மெஷின் இருக்கு."

பாத்திரம் கழுவும்போதுதான், அவன் முதன்முறையாகத் தன்னை 'நீ' என்று பேசியது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் அவள் தயங்கித் தயங்கி சாம்பசிவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"உன் வூட்டுக்காரர் என்கிட்ட பந்தயம் கட்டறாரா? சரி. துப்பாக்கியும் தோட்டாவும் ஆர்மரியை விட்டு நகரக் கூடாது. காலி மேகசின் நாலு எடுத்துக்க. கையெழுத்து நான் போடறேன், கூடவே நானும் வரேன். பார்த்துடலாம்."

நான்கையும் வெண்ணிலாவே யோசித்துப் பொறுக்கினாள். ஒன்று, பெட்டியிலிருந்து பிரிக்காத புதுசு. இன்னொன்று, அவசரத்துக்கென்று வருடக்கணக்காக நிரம்பியே கிடந்தது. மூன்றாவது, பயிற்சிக்கு மட்டும் எடுத்து, மற்ற நேரமெல்லாம் காலியாகவே வைத்திருந்தது. நான்காவது பொன்னுரங்கத்தைக் கைவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல் கீழ்க்கட்டளைப் பட்டறையின் வாசலில் ஜீப் நின்றதும், முதலாளி ஹிதாயத்துல்லா பதறிப்போய் எழுந்து வந்தார். பின்னால் இறங்கிய வெண்ணிலாவைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"நம்ம ஹேமநாத் வூட்டம்மாவா? வாங்கம்மா. சார், வாங்க. ஜீப்பைப் பார்த்ததும் இன்னா பேஜாரோன்னு பயந்துட்டேன். ஸ்கூட்டர் ஸ்பிரிங்லேர்ந்து பேனா ஸ்பிரிங் வரைக்கும் பண்ணிக்கினு கீறோம். துப்பாக்கி சரக்கு இதான் மொதல் தபா."

தேநீர் வருவதற்குள் ஹேமநாத் மேசையைத் துடைத்துத் தயாராக இருந்தான். மேகசின் ஸ்பிரிங் நீளமாக, செவ்வகமாகச் சுற்றியிருக்கும், அழுத்தினால் பக்கவாட்டில் வளையும் என்று அவள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அது வளையாமல் நிற்க அவன் ஒரு தகரக் கூடு செய்து வைத்திருந்தான். தான் சொன்னதை அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

முழு மேகசினுக்குள் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்குமோ, அவ்வளவுக்கு இயந்திரம் அதை அமுக்கியது. அது எவ்வளவு பலமாக எதிர்த்துத் தள்ளுகிறது என்பதைத் திரை காட்டியது. புதுசு முதலில். அடுத்து வருடக்கணக்காக நிரம்பிக் கிடந்தது. சாம்பசிவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது கொஞ்சம் குள்ளமா இருக்கே. நான் சொல்லல?"

"ஆமா சார்," என்றான் ஹேமநாத். "முதல் தடவை முழுசா அமுங்கும்போது கொஞ்சம் உயரம் குறையும். அப்புறம் அப்படியே நின்னுடும். தள்ளற பலத்தைப் பாருங்க."

திரையில் புதுசுக்கும் பழசுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பயிற்சி மேகசினின் ஸ்பிரிங்தான் கண்ணுக்குத் தெரிய இளைத்திருந்தது. ஓய்விலேயே கிடந்ததுதான், ஆனால் பயிற்சிக்குப் பயிற்சி ஆயிரக்கணக்கான முறை அமுங்கி எழுந்தது.

"அப்போ குனிஞ்சு நிக்கறவன் கதை?"

"மனுஷனுக்கு இடுப்பு வலிக்கும் சார். ஸ்டீல் தாங்கற அளவுக்குள்ள இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். அளவை மீறித் திணிச்சாலோ, கம்பியே மட்டமா இருந்தாலோ நீங்க சொல்றதுதான் நடக்கும்."

சாம்பசிவன் தலையை ஆட்டினார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அந்த மட்டமான கம்பிதான் வந்துது. அப்படியே மனசுல உக்காந்துடுச்சு."

கடைசியாகப் பொன்னுரங்கத்தின் ஸ்பிரிங். அது நன்றாகவே இருந்தது. ஹேமநாத் இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தான். அதே எண். "ஸ்பிரிங்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஏன் நின்னுதுன்னு எனக்குத் தெரியல," என்றான்.

வெண்ணிலா அந்த மேகசினின் வெற்று உடலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். பிறகு புதுசை அதன் பக்கத்தில் பிடித்தாள். தோட்டா வெளியே எகிறாமல் மேலே இரு பக்கமும் தகடு உள்நோக்கி மடிந்திருக்கும். பழசில் ஒரு பக்க மடிப்பு லேசாக விரிந்திருந்தது. ஒரு நூல் அளவுதான்.

"ஐயா, இதைப் பாருங்க. வாய் விரிஞ்சிருக்கு. பிடி நழுவித்தான் தோட்டா மூக்கைத் தூக்கியிருக்கு. இது எங்கேயோ விழுந்திருக்கணும்."

சாம்பசிவன் அங்கேயே பொன்னுரங்கத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேகசின் எங்கேயாவது விழுந்ததா என்று கேட்டார்.

"போன மாசம் ஜீப்லேர்ந்து எறங்க சொல்லோ ரோட்டுல வுழுந்துச்சுங்கய்யா. தொடைச்சிட்டு வெச்சுக்கினேன். ஒரு கீறல்கூட இல்லியே ஐயா."

ஹிதாயத்துல்லா முதலில் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிப் பார்த்துத் தோற்றுப்போனார்.

திங்கட்கிழமை உத்தரவு ரத்தானது. அவசர மேகசின்கள் மறுபடி நிரம்பி, நிரம்பியபடியே அலமாரிக்குப் போயின. பயிற்சி மேகசின்களுக்குப் புது ஸ்பிரிங் கேட்டு எழுதினார்கள். வாய் விரிந்தது கழிக்கப்பட்டது. கீழே விழுந்த மேகசினை ஆர்மரியில் காட்டாமல் யாரும் உறையில் போடக் கூடாது என்று வெண்ணிலா ஒரு விதி சொன்னாள். சாம்பசிவன் அதற்குச் சம்மதித்தார். தன்னுடைய மேகசினில் மட்டும் ஒரு தோட்டா குறைவாகவே போட்டுக்கொண்டார். "எனக்கு இது பழகிடுச்சும்மா, விட்டுடு," என்றார்.

ஆனால் அதெல்லாம் திங்கட்கிழமை. அந்தச் சனிக்கிழமை மாலை ஜீப் மேகசின்களோடு திரும்பிய பிறகு, வெண்ணிலா ஹேமநாத்தின் பைக்கில் ஏறிக்கொண்டாள். பல்லாவரம் வந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்தார்கள். குரோம்பேட்டை நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது, ஒரு ஸ்பிரிங் எப்போது உடையும் என்று முன்கூட்டியே தெரியுமா என்று அவள் கேட்டாள். அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பதில் சொன்னான். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. சாப்பிடும்போது பேசிக்கலாம்."

தாம்பரத்தில் ஒரு பரோட்டா கடையில் உட்கார்ந்தார்கள். சுடும்போது பிஸ்டலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவன் கேட்டான். கேட்கலாமா என்ற தயக்கம் குரலில் இல்லை. அவள் தண்ணீர் டம்ளரை இழுத்து நடுவில் வைத்தாள். ஸ்பூனை அதன்மேல் படுக்கவைத்து, இதுதான் மேலே ஓடுகிற பாகம், பின்னால் போகும்போது சுட்ட தோட்டாவின் காலி உறை இப்படித் தெறிக்கும், திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை இப்படித் தள்ளிக்கொண்டு வரும் என்று காட்டினாள். அவன் முழங்கையை மேசையில் ஊன்றி, ஸ்பூன் போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்டினான்.

"திரும்பி வர்றதுக்கு யார் தள்றா?"

"அதுவும் ஒரு ஸ்பிரிங்தான்."

"அது எங்க இருக்கு?"

சால்னா வாளியோடு வந்த பரிமாறுபவர் மேசையில் இடம் தேடி நின்றார். இருவரும் நிமிரவில்லை. அவள் ஸ்பூனை மறுபடி பின்னுக்கு இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.