இரண்டாவது க்ளிக்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊர் டிரோம்சோவில் சூரியன் தலைகாட்டாத மாதங்களில்தான் எனக்குப் பிழைப்பு. மத்தியானமே இருட்டிவிடும். வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி, மேகமில்லாத இடம் தேடிப் போய், துருவ ஒளிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பேன். எத்தனையோ ஜோடிகளை ஒட்டி நிற்கச் சொல்லியிருக்கிறேன். நானும் என் புருஷன் ஸ்டைனாரும் அப்படி நின்ற படம் ஒன்றுகூட இல்லை.

கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் சோபாவை விட்டு அசையாமல் ஒரே பதில்தான்.

"நம்ம சமையல்கட்டு ஜன்னல்லயே தெரியுது, குன்வோர். அதுக்கு எதுக்கு உன் வேன்ல வந்து விறைச்சுச் சாகணும்?"

இந்த வாரம் அவன் போகிறான். தெற்கே பெர்கனில் வேலை, தனியாக ஒரு வீடு. சண்டை எதுவும் இல்லை; பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். போவதற்கு முன் ஒரே ஒரு படம் வேண்டும் என்று கேட்டேன். கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. சரி என்று வந்தான்.

அன்று வேனில் ஒரு டேனிஷ் தம்பதி மட்டும். கடலோரம் முழுக்க மேகம் என்பதால் பின்லாந்து எல்லைவரை ஓட்டினேன். இரவல் குளிருடைக்குள் ஸ்டைனார் கட்டிவைத்த மூட்டை போல உட்கார்ந்து வந்தான். உறைந்த ஏரிக்கரையில் வானம் திறந்தது. முதலில் சாம்பலாக ஒரு பட்டை. பிறகு மலைக்கு மேல் முழுவதும் பச்சையாக ஆடத் தொடங்கியது.

தம்பதியை எடுத்து முடித்ததும், கேமரா தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு ஓடிப்போய் ஸ்டைனார் பக்கத்தில் நின்றேன். இருட்டில் படம் பதிய நேரம் பிடிக்கும். முதல் க்ளிக்கில் கேமரா கண் திறக்கும், இரண்டாவதில் மூடும். நடுவில் அசையக் கூடாது; அசைந்தால் ஆள் புகை மாதிரிதான் பதியும். அசைந்து கெடுத்தவர்களைப் பற்றி தினமும் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் கேட்டிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

முதல் க்ளிக் கேட்டது. என் தோளிலிருந்து அவன் கை விலகியது.

"முடிஞ்சுதா? நான் வண்டியில இருக்கேன். கால் மரத்துப்போச்சு."

நான் அசையவில்லை. தொழில் புத்தி. இரண்டாவது க்ளிக்கைத் தனியாக நின்று கேட்டேன்.

டேனிஷ்காரி படத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க இது, உங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்குள்ள மலை தெரியுது. கூப்பிடுங்க, இன்னொண்ணு எடுத்துரலாம்."

வேனுக்குள் விளக்கு எரிந்தது. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூப்பிடவில்லை. கோபமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. அந்தக் குளிரில் அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடக்கிக்கொண்டேன். மறுபடி முடுக்கிவிட்டு ஓடிப்போய் நின்றேன். இந்தத் தடவை யாரும் அசையவில்லை. படத்தில் தெளிவாகத்தான் விழுந்திருந்தேன். ஆனால் நடுவில் இல்லை. அவனுக்கு இடம் விட்டு ஓரமாகவே நின்றிருக்கிறேன்.