சட்டை என்னுதுதான்

சந்தையில் எடுத்ததில் மூன்றாவது டேக்தான் உருப்படியாக வந்திருந்தது. அதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. அவர்களுக்குள் அப்படி ஒத்துப்போவது அபூர்வம்.

பாட்டை எழுதிப் பாடியவளுக்கு வகுப்பில் மைக் என்று பெயர். மைக் கிடைத்தால் கீழே வைக்க மாட்டாள், கிடைக்காவிட்டால் கரண்டியைப் பிடித்துக்கொள்வாள். கேமரா பிடித்தவன் முக்காலி. கால்கள் இருந்த நீளத்துக்கு அவனுக்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டுகிறவள் கத்திரி. மாணவர் போட்டி ஒன்றுக்கு இவர்கள் ஒரு பாட்டு வீடியோ அனுப்ப வேண்டியிருந்தது.

பாட்டில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அடுத்த பஸ் வரும்வரை நின்ற இடத்திலேயே ஆடுகிறார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு சரணத்துக்கு, விடியற்காலைக் காய்கறிச் சந்தைக்குள் மைக் நடந்து வருவாள். கூட்டம் தன் பாட்டுக்கு வேலை செய்ய, இவள் தன் பாட்டைப் பாடிக்கொண்டு வருவாள். இரவல் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு வாயசைத்து எடுத்திருந்தார்கள்.

கல்லூரியின் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து கத்திரி அந்த வாயசைவைப் பாட்டோடு பொருத்திக்கொண்டிருந்தாள். 'வரும்' என்ற சொல்லில் மட்டும் மைக்கின் உதடு ஓர் இம்மி பிந்தியது. ஃப்ரேம் ஃப்ரேமாக முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். அப்போதுதான் மைக்கின் தோளுக்குப் பின்னால் இருந்த ஆள் கண்ணில் பட்டான். தக்காளிப் பெட்டியை இறக்கி வைத்து, நிமிர்ந்து, இடது காதைத் தோளில் தேய்த்துக்கொண்டு, திரும்பிப் போய்விட்டான்.

கத்திரியின் கை அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய அண்ணன் அப்படித்தான் தேய்ப்பான். "கை எதுக்குடா இருக்கு?" என்று அம்மா திட்டாத நாள் கிடையாது.

அண்ணன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல், தினமும் பையை மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகிறவன் மாதிரியே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்த அன்று அப்பா, "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றார். கோபத்தில் எந்த அப்பாவும் சொல்வதுதான். அண்ணன் அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டான். மறுநாள் அப்பா கண் விழிப்பதற்குள் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அம்மா விசாரிக்காத நண்பன் இல்லை, சொந்தக்காரர் இல்லை.

கத்திரி அந்த ஃப்ரேமைப் பெரிதாக்கினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சில பழுப்புச் சதுரங்கள்தான் இருந்தன. தண்ணீர் பட்ட எழுத்து மாதிரி எதுவும் பிடிபடவில்லை.

மங்கலான படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. அதன் லட்சணமும் அவளுக்குத் தெரியும். அது இருப்பதைக் கண்டுபிடித்துத் தராது, இருக்கக்கூடியதைப் போட்டு நிரப்பும் என்று வகுப்பில் ஆசிரியர் தலையால் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். முதல் தடவை ஓட்டியபோது, யாரென்றே சொல்ல முடியாத ஒரு மொழுமொழு முகம் வந்தது. அதே நபருடைய வேறு படம் இருந்தால் கொடுக்கலாம் என்று ஓரத்தில் ஒரு கட்டம் கேட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனில் தேடி அண்ணனின் பழைய படம் ஒன்றைப் போட்டாள்.

பட்டை மெல்ல ஊர்ந்து முடிந்தது. அண்ணன் வந்துவிட்டான்.

கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, தலை கலைந்து. இந்த முகத்தைக் கொடுத்தால் இந்த முகம்தானே வரும் என்றது ஒரு மனம். காதைத் தேய்த்ததும் மென்பொருள்தானா என்றது இன்னொரு மனம். நிச்சயமாகத் தெரியும்வரை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்து, மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அந்த முடிவு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா தைத்து முடித்த திரைச்சீலையை மடிக்க இடம் தேடி அங்கே வந்தாள். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை.

"யாருடி இது?"

கத்திரி வாயைத் திறப்பதற்குள் அம்மாவுக்கே பதில் தெரிந்துவிட்டது. கையிலிருந்த துணி மேசையில் சரிந்தது.

"எப்போ எடுத்தது?"

"அம்மா, இது நிச்சயமா தெரியாது. கம்ப்யூட்டர் பாதிய அதுவா..."

"எங்க எடுத்தது?"

"சந்தையில. போன வாரம். ஆனா நான் சொல்றதக் கேளும்மா."

"இளைச்சுட்டான்டி" என்றாள் அம்மா. விரலால் திரையில் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். படம் பெரிதாகி, கண் மட்டும் தெரிந்தது. "பாட்ட எல்லா இடத்துலயும் போடுவீங்கல்ல? அவன் பாப்பான்ல?"

சாயங்காலம் அப்பா வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வந்ததும் சோப்புத்தூள் போட்டு முழங்கைவரை கிரீஸைத் தேய்த்துக் கழுவாமல் எதையும் தொட மாட்டார். அன்று கழுவிய கையைத் துடைப்பதற்குள் அம்மா மடிக்கணினியை அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது அவன் இல்ல."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அவன் இல்லன்னு சொல்றேன்ல."

"உங்களுக்கென்ன, அவன் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லன்னாலும் ஒண்ணுதான். கல்லு."

அப்பா கழுவிய கையையே மறுபடி கழுவப் போனார்.

கத்திரி மைக்கிடமும் முக்காலியிடமும் சொன்னாள். தேதி நெருங்குகிறதே என்று அதுவரை நச்சரித்துக்கொண்டிருந்த மைக், "பாட்டு எங்கயும் ஓடிப் போயிடாது, முதல்ல போய்ப் பாருங்க" என்றாள். எந்தக் கடைக்கு முன்னால் எடுத்தது என்று முக்காலிக்குத் தெரியும். அவன் துணைக்கு வந்தான். அம்மா அந்தப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, சுருட்டாமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். காலையில் கிளம்பும்போது ஒரு டப்பாவில் சாப்பாடும் கட்டியிருந்தாள். கத்திரி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

சந்தையில் லாரிகள் பின்பக்கமாக வந்து நின்றிருந்தன. ஆட்கள் வரிசையாகப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தக்காளிக் கடைக்கு அருகில் போனதும் அம்மா நின்றுவிட்டாள்.

"அதோ."

படத்தில் இருந்த அதே பச்சைச் சட்டை, அதே முதுகு. நடையில்கூட அண்ணனின் சாயல் இருந்தது. அம்மா ஓடவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாக நடந்து போனாள். அவன் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினான்.

வேறு ஆள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அகன்ற மூக்கு, நரை கலந்த தாடி, இடது காதில் பஞ்சு. காது வலிக்காரர். வலி எடுக்கும்போதெல்லாம் அதைத் தோளில் தேய்த்துக்கொண்டார்.

"என்னம்மா வேணும்?"

அம்மா என்ன நினைத்தாளோ, அட்டையைத் திறந்து படத்தை அவர் முன்னால் நீட்டினாள். "இது நீங்களாப்பா?"

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படத்தைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார்.

"சட்டை என்னுதுதான். பாக்கெட் கிழிசல்கூட இருக்கு. கையும் என்னுது." கொஞ்சம் நிறுத்தினார். "மூஞ்சி என்னுது இல்லையே."

பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உன் மூஞ்சி தேறாதுன்னு கேமராவே மாத்திடுச்சுபோல" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கத்திரியைப் பார்த்து, "என் மூஞ்சிய எங்க பாப்பா தூக்கிப் போட்டீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஏதோ பொருளைத் தொலைத்தவர் விசாரிப்பது போலக் கேட்டார். தெளிவாக்கும்போது அப்படி ஆகிவிட்டது என்று முக்காலிதான் தடுமாறிச் சொன்னான்.

"இந்தப் பையன் யாரு?"

"என் மகன்" என்றாள் அம்மா.

அவருக்குப் புரிந்துவிட்டது. படத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "இருப்பான்மா. எங்கயாவது இந்த மாதிரி பெட்டி தூக்கிட்டு நல்லாத்தான் இருப்பான்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். அம்மாவின் முகம் அதைக் கேட்டபிறகுதான் உடைந்தது.

பஸ்ஸில் திறக்காத டப்பா அம்மாவின் மடியில் இருந்தது.

"அந்த மூஞ்சிய நீதான் போட்டியா?"

"அண்ணன் படத்தக் குடுத்தேன்மா. அது..."

"தெரிஞ்சேவா?"

கத்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரியும்."

"இனிமே எனக்கு எதையும் காட்டாத" என்றாள் அம்மா. இறங்கும்வரை அதுதான் கடைசிப் பேச்சு.

அன்று இரவு அப்பாவும் கத்திரியும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் புலம்பினாள். "அந்த ஆளு சொல்றாரு, பெட்டி தூக்கிட்டு இருப்பானாம். எப்படி இளைச்சுத் துரும்பா போயிருக்கானோ."

"அவன் இளைக்கல" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் கரண்டியும் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

அப்பா தண்ணீரைக் குடித்தார். "கொஞ்சம் சதைதான் போட்டிருக்கான். கண்ணாடி போட்டுட்டான்."

பிறகு எல்லாம் துண்டு துண்டாக வெளியே வந்தது. போன மழைக்காலத்தில் அண்ணனுக்குக் கடுமையான காய்ச்சல். தெரியாத ஊரில், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாமல், அவன் போன் செய்தது அப்பாவுக்கு. கம்பெனி வேலையாக வெளியூர் போகிறேன் என்று அப்பா அன்று வீட்டில் சொன்னது பொய். அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கணக்கு எழுதுகிறான். குணமானதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவிடம் சொல்லக்கூடாது. அம்மா வந்தால் அழுவாள், அழுதால் தான் திரும்பி வர வேண்டியிருக்கும், இன்னும் அதற்குத் தயாராகவில்லை. சொன்னால் இங்கிருந்தும் போய்விடுவேன் என்றான்.

"ஒரு தடவ வாய விட்டுத் தொலைச்சேன்" என்றார் அப்பா. "இன்னொரு தடவ தொலைக்கப் பயமா இருந்துச்சு."

அம்மா கத்துவாள் என்று கத்திரி நினைத்தாள். அம்மா கத்தவில்லை. "நான் சந்தையில போய் ஊரான் முன்னாடி படத்த நீட்டிட்டு நின்னேன். காலையில சாப்பாடு கட்டும்போது நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க" என்றாள். பிறகு, "அவன் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, எதாவது சாப்பிட்டானா?" என்று கேட்டாள். சாப்பிட்டான் என்று அப்பா தலையை ஆட்டினார். அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நம்பரை அப்பா காலையில் ஒரு தாளில் எழுதித் தையல் மெஷின் மேல் வைத்தார். அம்மா உடனே கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"கண்ணு" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அந்தப் பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. சாயங்காலமும் அதையேதான் சொன்னது.

அடுத்து வந்த நாட்களில் அம்மாவும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கத்திரிதான் நடுவில் தபால்காரி. 'உங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு', 'உங்கம்மாகிட்ட ஃபேன் ரிப்பேர் பண்ணிட்டேன்னு சொல்லு' என்று ஓர் அறை தூரத்துக்குச் செய்தி சுமந்தாள். எல்லாம் தன்னால் வந்த வினை என்று ஒரு நேரம் தோன்றும். அந்த முகத்தைச் செய்திருக்காவிட்டால் அண்ணன் இருக்கும் இடமே தெரிந்திருக்காதே என்று இன்னொரு நேரம் தோன்றும். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீடியோவை அவள் முடித்தாள். தெளிவாக்கிய படத்தை மடிக்கணினியிலிருந்து அழித்தாள். மூன்றாவது டேக்கைக் கேமரா எடுத்தபடியே வைத்தாள். பின்னால் வருகிற ஆள் மங்கலாகவே இருந்தார். அனுப்புவதற்கு முன் தனியாகச் சந்தைக்குப் போய், போனில் அவருக்கு ஓட்டிக் காட்டினாள். அவர் தான் வரும் இடத்தைத் திரும்ப ஒருமுறை போடச் சொன்னார்.

"மூஞ்சி சரியா தெரியலையே."

"அவ்வளவுதாண்ணே கேமராவுல விழுந்தது. வேண்டாம்னா எடுத்துடறேன்."

"இருக்கட்டும்" என்றார். "நடக்கறது நான்தான்." காதைத் தோளில் தேய்த்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

போட்டியில் அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களுக்கு வாய்ப்பாட்டும் தெரியாது வாய்ப்பாடும் தெரியாது என்று மைக் ஒரு வாரம் திட்டிவிட்டு, அடுத்த பாட்டை எழுத ஆரம்பித்தாள்.

அம்மா தினமும் விளக்கு போடும் நேரத்துக்குத் தையலை நிறுத்திவிட்டு அந்த நம்பரைக் கூப்பிடுவாள். பதிவுக்குரல் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பிப்பாள். அப்பா அந்த நேரத்தில் வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார்.

ஒரு நாள் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே கையை உயர்த்தி, எல்லோரும் சும்மா இருங்கள் என்பது போலக் காட்டினாள். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"ரிங் போகுது" என்றாள். கத்திரியைப் பார்த்துச் சொல்லவில்லை, வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா உள்ளே வந்தார். கை முழுக்க கிரீஸ். எதையும் தொடாமல், கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தானாக நின்றது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றார் அப்பா.

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "கைய கழுவிட்டு வாங்க" என்றாள்.