வெறும் நெற்றிப் படம்

வெள்ளிக்கிழமை வீட்டுப் படங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்காமல் வசந்திக்குக் காப்பி இறங்காது. பாளையங்கோட்டையிலிருந்து செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரிக்கு, மகள் வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்காக வழக்கத்தை விட முடியுமா? சாமி படம் ஆறு, காலண்டர் ஒன்று, அப்புறம் சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு வீணைக்காரம்மா.

குளித்துவிட்டு வந்த ரோகிணி மேசையைப் பார்த்ததும் தலைத் துண்டைக் கீழே போட்டாள்.

"அம்மா, இது யாரு வேலை?"

"நான்தான் வச்சேன். வெள்ளிக்கிழமைல்லா. மவராசி மாதிரி இருக்கா, நெத்தி மட்டும் மூளியா இருந்துச்சு."

அந்த நெற்றி மூளியாக இருப்பதால்தான் அந்தப் படத்துக்கு அத்தனை பெயர். வீணை லலிதாம்பாளுக்கு மிருதங்கம் வாசித்தவர் அவர் கணவர்தான். அவர் இறந்த பதினேழாம் நாள் அந்தம்மா மேடையேறினார். அன்றைக்கு எடுத்த படம். அச்சிட்டது ஐந்தே பிரதி. நெகடிவ் பிறகு வெள்ளத்தில் போய்விட்டது.

ஒரு பிரதி செகந்திராபாத் ஜெகதீஸ்வரனிடம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே குடியேறிய குடும்பம். வித்வான்களின் படமாக நாற்பது சேர்த்திருக்கிறார், சொந்தத் தங்கையைக்கூடத் தொட விடமாட்டார். ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் ரோகிணி அவர் நடத்தும் சபாவுக்கு ஓசியில் வெப்சைட் செய்துகொடுக்கிறாளே என்று, ஸ்கேன் பண்ண இரண்டு நாள் கொடுத்தார். கொடுக்கும்போதே எச்சரித்தார்: "தண்ணி பட்டா மூஞ்சி உரிஞ்சிடும். துடைக்கிறதெல்லாம் நக்கோ, கூடவே கூடாது. மூச்சுகூடப் படக்கூடாது."

இன்று மாலை லலிதாம்பாளே சபாவில் கச்சேரி செய்ய வருகிறார். ஆறு வருஷம் காத்திருந்து அந்தப் படத்தில் அவர் கையெழுத்தை வாங்கப் போகிறார் ஜெகதீஸ்வரன். நேற்று ஸ்கேன் முடித்த ரோகிணி, படத்தை உறையில் போடச் சோம்பல்பட்டு மேசையிலேயே விட்டுவிட்டாள். பாதிப் பழி அவள்மேல்தான்.

"அவங்க வீட்டுக்காரர் செத்தப்புறம் எடுத்த படம்மா அது."

வசந்தி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்ட்டி."

சந்தனம் காய்ந்து காகிதத்தைக் கவ்வியிருந்தது. ரோகிணி நகத்தால் ஓரத்தைத் தொட்டாள். பொட்டோடு நெற்றியும் பெயர்ந்து வருவது போலிருக்க, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஜெகதீஸ்வரனுக்கு மூன்று முறை போன் போட்டு, அவர் எடுப்பதற்குள் மூன்று முறையும் துண்டித்தாள்.

நான்கு மணிக்கு அவரே கூப்பிட்டார். "கைக்கும்மா, ஏன் லேட்டு? அம்மா வந்துட்டாங்க, படத்தைத்தான் கேக்குறாங்க."

தனியாக அனுப்ப மனசில்லாமல் வசந்தியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். திட்டு வாங்கப் போகிறோம் என்பதல்ல ரோகிணியின் பயம். தன் துக்கத்தோடு எவளோ விளையாடியிருக்கிறாள் என்று அந்தம்மா நினைத்துவிட்டால்? வீணையை உறையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டால்? மடியில் இருந்த உறை அவள் கைவேர்வையில் நனைந்துவிடுமோ என்று அதையும் பயந்தாள்.

மேடைக்குப் பின்னால் சின்ன அறை. ரோகிணி வாயைத் திறப்பதற்குள் ஜெகதீஸ்வரன் உறையைப் பிடுங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல், இரண்டு கையாலும் லலிதாம்பாளிடம் நீட்டினார்.

அவர் படத்தை வெளியே எடுத்தார். பார்த்தார். ஜெகதீஸ்வரன் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரோகிணி ஆடு திருடிய கள்ளனாய் நின்றாள். வெளியே யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"யார் வச்சது இது?"

வசந்திதான் முன்னால் வந்தாள். "நான்தான் தாயி. தெரியாம வச்சுட்டேன். எம் பொண்ணு மேல தப்பில்லை."

லலிதாம்பாள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரா வச்சிருக்கேள்," என்றார். "நான் வச்சுண்டா எப்பவும் இடப்பக்கம் கோணிண்டு போயிடும். மேடை ஏறறதுக்கு முன்னாடி அவர்தான் விரலால சரிபண்ணி விடுவார். அன்னிக்குத்தான் சரிபண்ண ஒண்ணும் இல்லாம ஏறினேன்."

அவர் பேனா கேட்டார். ஜெகதீஸ்வரன் சட்டைப்பையைத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தார். படத்தின் அடியில், வெள்ளை ஓரத்தில், லலிதாம்பாள் பெயரை எழுதினார். மை காயட்டுமென்று குனிந்து வாயால் ஊதினார், ஒரு முறை, இன்னொரு முறை. ஜெகதீஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரும் துடைச்சுடாதேங்கோ," என்று படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, லலிதாம்பாள் வெறும் நெற்றியோடு மேடைக்குப் போனார்.